டெஸ்ட் புரொஜெக்டில் பொதுக் கிளாஸ்களையும் பெக்கேஜ்களையும் ஒழுங்காக அடுக்குவது எப்படி?

லொகின் செய்யும் ஆறு வரிகளை ஒவ்வொரு டெஸ்டிலும் கொப்பி பண்ணி ஒட்டினால் முதல் இரண்டு வாரம் ஒரு கஷ்டமும் தெரியாது. டெவலப்பர் லொகின் பட்டனின் ஐடியை மாற்றுகிற அன்றுதான் தெரியும்: முப்பது கோப்பைத் திறந்து முப்பது இடத்தில் திருத்தவேண்டும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ‘கொமன்’ என்ற ஒரே பெக்கேஜுக்குள் கொட்டினால் அது வேறு தலையிடி. ஒன்றைத் தொட்டால் எது உடையும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு க்யூஏ (மென்பொருளைச் சோதிக்கும்) வேலை தொடங்குபவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜாவா, செலினியம் (ப்ரவுஸரைக் கோடால் இயக்குவது), டெஸ்ட்என்ஜி (டெஸ்ட்களை ஓட்டுவது), மேவன் (புரொஜெக்டைக் கட்டி லைப்ரரிகளை இறக்குவது) நான்கும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். உதாரணத்துக்கு ஒரு பஸ் சீட் புக்கிங் தளத்தை எடுத்துக்கொள்வோம்: அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் சீட் பிடிக்கும் தளம். பெயர்களையெல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோடில் வழக்கம்போல ஆங்கிலத்தில், பெக்கேஜ் பெயர் என்றால் முழுக்கச் சிற்றெழுத்தில் எழுதுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

காசு கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை. ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு), மேவன், செலினியம், டெஸ்ட்என்ஜி, கிட் (கோட் மாற்றங்களின் வரலாற்றை வைப்பது) எல்லாம் இலவசம். இன்டெலிஜே ஐடியாவின் இலவசப் பதிப்பு அல்லது எக்லிப்ஸ் இந்த வேலைக்குத் தாராளம். உண்மையான செலவு டேட்டாதான். ஜேடிகேயும் ஐடியாவும் சேர்ந்தே ஒரு ஜிபியையும் தாண்டலாம். அதன் பிறகு மேவன் முதல்முறை ஓடும்போது லைப்ரரிகளை இறக்கும். ஃபோன் டேட்டாவில் வேலை செய்பவர்கள் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் போய், ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘.எம்2’ ஃபோல்டரை பென் ட்ரைவில் எடுத்து வரலாம். அது வேலை செய்யும். பிறகு மேவனை ‘-ஓ’ என்ற ஒஃப்லைன் சுவிட்சோடு ஓட்டினால் நெட்டைத் தொடாது.

ஜேடிகே 17 அல்லது 21 போடுங்கள். செலினியம் 4.14 இலிருந்து ஜாவா 8 இல் ஓடாது, குறைந்தது 11 வேண்டும். பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து ஜாவா 8 போட்டுவிட்டு ‘கிளாஸ் வேர்ஷன்’ பிழையோடு அரை நாளைத் தொலைப்பது இங்கே சாதாரணம். அதே குறிப்புகளில் குரோம் ட்ரைவரைத் தனியாக இறக்கிப் பாதை கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். செலினியம் 4.6 இலிருந்து அது தேவையில்லை. செலினியம் மேனேஜரே பொருத்தமான ட்ரைவரை இறக்கிக்கொள்ளும். முதல் ஓட்டத்தின்போது நெட் இருக்கவேண்டும்.

புரொஜெக்டுக்குள் இருக்கவேண்டிய ‘ஆவணங்கள்’ ஐந்து: பொம் கோப்பு (மேவனுக்கான விவரம்), டெஸ்ட்என்ஜி எக்ஸ்எம்எல் (எந்த டெஸ்ட்களை ஓட்டுவது என்ற பட்டியல்), ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு கொன்ஃபிக் கோப்பு, கிட்இக்னோர் (கிட்டில் சேர்க்கக்கூடாதவற்றின் பட்டியல்), ரீட்மீ. ரீட்மீயில் பெரிய விளக்கம் வேண்டாம். எந்த ஜாவா, எந்தக் கட்டளை, எந்தப் பெக்கேஜில் என்ன என்ற மூன்றும் இருந்தால் போதும்.

நேரக் கணக்கு: புதிதாகத் தொடங்கினால் கீழே உள்ள அமைப்பைப் போட ஒரு நாள். நாற்பது ஐம்பது டெஸ்ட் உள்ள பழைய புரொஜெக்டைப் பிரித்து அடுக்க ஒரு வாரம் கேளுங்கள். இரண்டு நாளில் முடிப்பேன் என்று லீடிடம் சொல்லிவிடாதீர்கள்.

2. மெயினா, டெஸ்டா? முதல் முடிவு

மேவன் புரொஜெக்டில் ஜாவா கோட் வைக்க இரண்டு இடம் உண்டு: சோர்ஸுக்குள் மெயின், சோர்ஸுக்குள் டெஸ்ட். அந்தத் தளத்தின் கோட் வேறு புரொஜெக்டில் இருக்கிறது, உங்களிடம் இருப்பது டெஸ்ட் மட்டும் என்றால், எல்லாவற்றையும் டெஸ்டுக்குள்ளேயே வைத்துத் தொடங்குங்கள்.

இங்கே அடிக்கடி விழும் குழி: பேஜ் கிளாஸ்களை மெயினுக்குள் வைத்துவிட்டு, பொம் கோப்பில் செலினியத்துக்கு ‘ஸ்கோப் டெஸ்ட்’ என்று போடுவது. மெயின் கோடுக்கு டெஸ்ட் ஸ்கோப் லைப்ரரி தெரியாது. ‘பெக்கேஜ் டஸ் நொட் எக்ஸிஸ்ட்’ என்று கொம்பைல் நிற்கும். ஒன்று கிளாஸை டெஸ்டுக்குள் நகர்த்துங்கள், இல்லையென்றால் அந்த ஸ்கோப் வரியை எடுங்கள்.

மற்றது பெயர். டெஸ்ட்களை ஓட்டும் மேவனின் ஷுவர்ஃபயர் பிளகின், டெஸ்ட்என்ஜி எக்ஸ்எம்எல் கொடுக்காவிட்டால், கிளாஸ் பெயரைப் பார்த்துத்தான் டெஸ்டைத் தேடும். ‘டெஸ்ட்’ என்று தொடங்கவேண்டும், அல்லது ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்ஸ்’, ‘டெஸ்ட்கேஸ்’ என்று முடியவேண்டும். ‘சீட்புக்கிங்செக்ஸ்’ என்று பெயர் வைத்தால் ஐடியாவில் ரைட் கிளிக் பண்ணும்போது ஓடும், மேவனில் ஓடாது. பில்ட் பச்சையாக முடியும். எத்தனை டெஸ்ட் ஓடியது என்ற எண்ணிக்கையை எப்போதும் பாருங்கள். பச்சையை மட்டும் நம்பவேண்டாம்.

3. பெக்கேஜ்களைப் பிரிப்பது: யாருக்கு யாரைத் தெரியலாம்?

பொது முன்னொட்டு ஒன்றை வைத்து, உதாரணமாக ‘எல்கே.பஸ்சீட்’, அதன் கீழ் இப்படிப் பிரியுங்கள்:

கோர் – ப்ரவுஸரைத் தொடங்குவது, நிறுத்துவது, கொன்ஃபிக் வாசிப்பது, காத்திருப்பது
பேஜஸ் – ஒரு திரைக்கு ஒரு கிளாஸ்
பேஜஸ்.பார்ட்ஸ் – பல திரையில் வரும் துண்டுகள்: தலைப்பு மெனு, திகதி தெரிவுப்பெட்டி, சீட் வரைபடம்
ஃப்ளோஸ் – பல திரைகளைத் தாண்டும் வேலை: ‘லொகின் செய்து ஒரு சீட் பிடி’
டேட்டா – பயணி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைத் தயாரிக்கும் கிளாஸ்கள்
டெஸ்ட்ஸ் – டெஸ்ட்கள் மட்டும், அவற்றின் பேஸ் கிளாஸும் இங்கேதான்

பெயர்கள் முக்கியமில்லை, விரும்பியதை வையுங்கள். திசைதான் முக்கியம். டெஸ்டுக்கு ஃப்ளோ தெரியலாம், ஃப்ளோவுக்குப் பேஜ் தெரியலாம், பேஜுக்குக் கோர் தெரியலாம். திரும்பி மேலே பார்க்கக்கூடாது. ஜாவா இதைத் தடுக்காது. இரண்டு பெக்கேஜ் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தாலும் கொம்பைல் ஆகும். அதனால்தான் ஆறு மாதம் கழித்து ஒரு பேஜ் கிளாஸை வேறு புரொஜெக்டுக்கு எடுக்கப் போனால் பாதிப் புரொஜெக்ட் கூடவே இழுபட்டு வருகிறது.

சோதிக்கும் வழி எளிது. பேஜஸ் பெக்கேஜில் டெஸ்ட்என்ஜியின் இம்போர்ட் வரி எத்தனை என்று தேடுங்கள். ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் யாரோ பேஜுக்குள் ‘அஸர்ட்’ (எதிர்பார்த்தது வந்ததா என்ற சரிபார்ப்பு) எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் நிரம்பிவிட்டதா என்று பேஜ் சொல்லட்டும், நிரம்பியிருக்கவேண்டுமா கூடாதா என்பதை டெஸ்ட் தீர்மானிக்கட்டும். ஒரே பேஜைக் கடைசி சீட் டெஸ்டும் காலி பஸ் டெஸ்டும் பாவிக்க முடிவது அப்போதுதான். கையால் தேடச் சோம்பலாக இருந்தால் ஆர்க்யூனிட் என்ற இலவச லைப்ரரியால் இந்தத் திசையையே ஒரு டெஸ்டாக எழுதிவிடலாம்.

எப்போது ஒன்றைப் பொது இடத்துக்கு எடுப்பது? இரண்டாவது டெஸ்ட் அதைக் கேட்கும்போது. அதற்கு முன் வேண்டாம். “பிறகு தேவைப்படும்” என்று முன்கூட்டியே எழுதிய பொதுக் கிளாஸ்களில் பாதியை யாரும் தொடுவதில்லை. அவற்றைத் திருத்திக்கொண்டிருப்பது மட்டும் நிற்காது.

‘யூட்டில்ஸ்’ என்று ஒரு கிளாஸ் வைக்காதீர்கள் என்பது என் பிடிவாதம். அந்தப் பெயருக்குள் எதையும் போடலாம், அதனால் எல்லாம் போடப்படும். திகதிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று வேலையின் பெயரிலேயே வையுங்கள்.

4. பேஸ் டெஸ்ட் கிளாஸ்

ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் ப்ரவுஸரைத் திறந்து, பின்னால் மூடும் கிளாஸ் இது. இருபது முப்பது வரிதான். ஆனால் ‘நல் பொயின்டர்’ பிழைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்பும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிளாஸை ‘அப்ஸ்ட்ராக்ட்’ ஆக்குங்கள். அதைத் தனியாக ஓட்ட யாருக்கும் தேவையில்லை.

ப்ரவுஸரை ‘பிஃபோர்சூட்’டில் திறந்து சாதாரண ஃபீல்டில் வைக்காதீர்கள். ‘பிஃபோர்சூட்’ முழு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். லொகின் டெஸ்ட், புக்கிங் டெஸ்ட் இரண்டும் இந்தப் பேஸை நீட்டிக்கின்றன என்றால், இரண்டில் ஒன்றின் ஃபீல்டில் மட்டும் ப்ரவுஸர் இருக்கும், மற்றதில் ‘நல்’ (வெறுமை). தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஒன்று ஃபெயில். குழப்பத்தில் பலர் உடனே ஃபீல்டை ‘ஸ்டேட்டிக்’ ஆக்குவார்கள். பிழை மறையும். பெரலலாக (பல டெஸ்ட்களை ஒரே நேரத்தில்) ஓட்டும் நாளில் அதைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். ‘பிஃபோர்மெத்தட்’டில் திறந்து ‘ஆஃப்டர்மெத்தட்’டில் மூடுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் சில விநாடி கூடும். அந்த விலை நியாயமானது.

அடுத்தது மெத்தட் பெயர். பேஸில் ‘செட்அப்’ என்று ஒரு மெத்தட். புதிதாக வந்தவர் தன் புக்கிங் டெஸ்டிலும் ‘செட்அப்’ என்றே எழுதுகிறார். ஜாவாவின் விதிப்படி அது பேஸில் உள்ளதை ஓவர்ரைட் செய்துவிடும். பேஸின் மெத்தட் ஓடாது, ப்ரவுஸர் திறக்காது. எச்சரிக்கையும் வராது. பேஸில் உள்ளதற்கு ‘ஸ்டார்ட்ப்ரவுஸர்’ என்று குறிப்பான பெயர் வைத்து, முன்னால் ‘ஃபைனல்’ போடுங்கள். யாராவது அதே பெயரை எழுதினால் கொம்பைல் நேரத்திலேயே பிடிபடுவார். பெயர்கள் வேறாக இருந்தால் டெஸ்ட்என்ஜி முதலில் பேஸினுடையதை ஓட்டி, பிறகு பிள்ளைக் கிளாஸினுடையதை ஓட்டும். மூடும்போது இது தலைகீழ். எனவே புக்கிங் டெஸ்டின் சொந்தத் தயாரிப்பு ஓடும் நேரத்தில் ப்ரவுஸர் தயாராக இருக்கும்.

இரண்டு மெத்தடிலும் ‘ஓல்வேஸ்ரன்’ ஐ ‘ட்ரூ’ என்று போடுங்கள். காரணம் இரண்டு. ‘ஸ்மோக்’ என்று ஒரு குரூப்பை மட்டும் ஓட்டினால், அந்தக் குரூப்பில் இல்லாத ‘பிஃபோர்மெத்தட்’ தவிர்க்கப்படும். மறுபடியும் ‘நல்’. மற்றது, திறக்கும் மெத்தட் நடுவில் விழுந்தால் மூடும் மெத்தடும் தவிர்க்கப்படும், அரைகுறையாகத் திறந்த குரோம்கள் மெமரியில் கிடக்கும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டொப்பில் இப்படிப் பத்துக் கிடந்தால் மெஷின் படுத்துவிடும். மூடும்போது ‘க்ளோஸ்’ அல்ல, ‘க்விட்’. ‘க்ளோஸ்’ ஜன்னலை மட்டும் மூடும், ட்ரைவர் புரோசஸ் அப்படியே நிற்கும்.

பேஸ் கிளாஸுக்கு மேல் இன்னொரு பேஸ், அதற்கு மேல் மற்றொன்று என்று அடுக்காதீர்கள். ‘லொகின்செய்த பேஸ்’, ‘அட்மின் பேஸ்’, ‘அட்மின் ரிப்போர்ட் பேஸ்’ என்று வளரும். அதற்குத்தான் ஃப்ளோஸ் பெக்கேஜ். டெஸ்டின் முதல் வரியில் லொகின் ஃப்ளோவைக் கூப்பிட்டால் வாசிப்பவருக்கும் விளங்கும்.

5. ப்ரவுஸரைப் பகிர்வது, பெரலலாக ஓட்டுவது

கோர் பெக்கேஜில் ட்ரைவரை வைத்திருக்கும் ஒரு கிளாஸ் போதும். அதற்குள் ‘த்ரெட்லோக்கல்’ பாவியுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் தனி ஓட்டம்) தன் ப்ரவுஸர் தனியாக இருக்கும். மூடும்போது ‘க்விட்’ செய்த கையோடு ‘ரிமூவ்’ செய்யவும் மறக்கவேண்டாம். டெஸ்ட்என்ஜி அதே த்ரெட்டைத் திரும்பப் பாவிக்கும். ரிமூவ் செய்யாவிட்டால் செத்த ப்ரவுஸரின் இணைப்பு அங்கேயே கிடந்து, அடுத்த டெஸ்டில் ‘நோ சச் செஷன்’ என்று வரும்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் மாட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. டெஸ்ட்என்ஜி ஒரு டெஸ்ட் கிளாஸுக்கு ஒரே ஒரு ஒப்ஜெக்டைத்தான் உருவாக்கும். அந்தக் கிளாஸின் எல்லா டெஸ்ட் மெத்தட்டும் அதையே பங்குபோடும். ஜேயூனிட் வழக்கமாக மெத்தட்டுக்கு ஒரு ஒப்ஜெக்ட் தரும், அதைப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் ‘புக்கிங்பேஜ்’ ஐ டெஸ்ட் கிளாஸின் ஃபீல்டாக வைத்து, எக்ஸ்எம்எல்லில் ‘பெரலல் மெத்தட்ஸ்’ போட்டால் என்ன நடக்கும்? கல்முனை பஸ்ஸுக்குச் சீட் பிடிக்கும் த்ரெட் ஃபீல்டில் தன் பேஜை வைக்கும். அடுத்த நொடி அக்கரைப்பற்று த்ரெட் அதை மேலெழுதும். முதல் த்ரெட் மற்றவரின் ப்ரவுஸரில் கிளிக் பண்ணும். பத்துத் தடவையில் ஏழு தடவை பாஸ் ஆகும். அதுதான் கொடுமை. பேஜை மெத்தட்டுக்குள் லோக்கலாக உருவாக்குங்கள். அல்லது ‘பெரலல் கிளாஸஸ்’ என்று மாற்றுங்கள்.

‘த்ரெட் கவுன்ட்’ எழுதாவிட்டால் டெஸ்ட்என்ஜி 5 என்று எடுத்துக்கொள்ளும். சாதாரண லேப்டொப்பில் 2 என்று தொடங்குங்கள்.

6. பேஜ் கிளாஸ்கள்

ஒரு திரைக்கு ஒரு கிளாஸ், லொக்கேட்டர்கள் (பட்டன் போன்றவற்றைத் திரையில் தேடும் முகவரிகள்) ‘பிரைவேட்’, வெளியே தெரிவது செயல்கள் மட்டும். ‘பட்டனைக் கிளிக் பண்ணு’ என்று மெத்தட் எழுதாமல் ‘சீட்டைத் தெரிவு செய்’ என்று எழுதுங்கள். சீட் இலக்கம் பராமீட்டராக வரட்டும்.

காத்திருக்கும் வேலையைக் கோரில் ஒரே இடத்தில் வையுங்கள், வெளிப்படையான (எக்ஸ்ப்ளிசிட்) வெயிட் மட்டும். கோரில் இம்ப்ளிசிட் வெயிட் 10 விநாடி, பேஜில் எக்ஸ்ப்ளிசிட் 15 விநாடி என்று கலந்தால் 15 இல் முடியவேண்டியது 20 இல் முடியலாம் என்று செலினியத்தின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. ‘த்ரெட் ஸ்லீப்’ எங்காவது தென்பட்டால் அழியுங்கள்.

பெக்கேஜ் பிரிக்கும்போது வரும் சின்னச் சிக்கல்: முன்னால் எதுவும் எழுதாத மெத்தட் அதே பெக்கேஜுக்குள் மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒரே பெக்கேஜில் இருந்த காலத்தில் ஓடிய கோட், பிரித்ததும் ‘நொட் பப்ளிக்’ என்று அழும். எல்லாவற்றையும் ‘பப்ளிக்’ ஆக்குவது பதில் அல்ல. பேஸ் பேஜில் உள்ள கிளிக், டைப் போன்றவற்றை ‘ப்ரொடெக்டட்’ ஆக்குங்கள், பேஜ்கள் மட்டும் பாவிக்கும்.

7. டேட்டா கிளாஸ்கள்: நம் ஊர் விவரங்கள்

வெளிநாட்டு உதாரணங்களை அப்படியே எடுத்தால் பெயரில் ஜோன், தொலைபேசியில் ஏதோ ஒன்று. இலங்கைத் தளத்துக்கு அது போதாது. டேட்டா பெக்கேஜில் இந்த மூன்றையும் தனித்தனிக் கிளாஸாக வையுங்கள்.

அடையாள அட்டை இலக்கம். பழையது 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 இல் வந்த புதியது 12 இலக்கம். இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் தயாரிக்கும் மெத்தட் வேண்டும். புதியதில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டவேண்டும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவதால் மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61 ஆவது நாள். ஜாவாவின் ‘டே ஒஃப் இயர்’ சாதாரண ஆண்டில் 60 தரும். இதைக் கவனிக்காமல் எழுதிய கிளாஸ், சாதாரண ஆண்டில் மார்ச் 1 இலும் அதற்குப் பின்னும் பிறந்த பயணிகளுக்கெல்லாம் ஒரு நாள் முந்திய இலக்கம் தயாரிக்கும். பிறந்த திகதியை ஒப்பிட்டுப் பார்க்கும் தளம் அதை மறுக்கும், நீங்களோ தளத்தின் மேல் பக் ரிப்போர்ட் எழுதுவீர்கள். உங்கள் அக்காவின் உண்மையான இலக்கத்தை டெஸ்டுக்குப் போடாதீர்கள். அது தனிப்பட்ட தரவு, அதன் பாதுகாப்புக்கென்றே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கிட்டில் ஒருமுறை போனது வரலாற்றிலிருந்து இலகுவில் போகாது.

தொலைபேசி. கைபேசி 07 இல் தொடங்கும் 10 இலக்கம். தரைவழி என்றால் மட்டக்களப்பு 065, அம்பாறை 063, கல்முனை 067. சர்வதேச வடிவில் முன் பூச்சியத்தை எடுத்து 94 சேர்க்கவேண்டும். மூன்று வடிவமும் தரும் ஒரே கிளாஸ் போதும், டெஸ்டுக்குள் இலக்கத்தைக் கையால் எழுதவேண்டாம்.

இன்றைய திகதி. இது அற்பமாகத் தோன்றும். உங்கள் லேப்டொப் இலங்கை நேரத்தில், சீஐ மெஷின் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சேர்வர்) யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். வித்தியாசம் ஐந்தரை மணி. இலங்கையில் நள்ளிரவு 12 இலிருந்து காலை 5.30 வரை சீஐ மெஷினுக்கு இன்னும் நேற்றுத்தான். அந்த நேரத்தில் ஓடும் ‘இன்றைய பஸ்’ டெஸ்ட் நேற்றைய திகதியைக் கொடுத்து விழும், பகலில் ஓட்டினால் பாஸ். ‘இன்று’ என்பதை டேட்டா பெக்கேஜின் ஒரே மெத்தட்டிலிருந்து, ‘ஏசியா/கொலம்போ’ நேர வலயத்தோடு எடுங்கள். ப்ரவுஸரும் மெஷினின் நேரத்தைத்தான் பார்க்கும், ஆகவே சீஐயில் நேர வலயத்தைச் சொல்லும் ‘டிஇசட்’ சூழல் மாறியையும் அதே வலயத்துக்கு மாற்றுங்கள்.

8. கொன்ஃபிக், தமிழ்ச் செய்திகள்

தள முகவரி, ப்ரவுஸர், காத்திருப்பு நேரம் இவை ‘ரிசோர்ஸஸ்’ ஃபோல்டரில் ப்ரொப்பர்ட்டீஸ் கோப்பாக இருக்கட்டும். அதைக் கோப்புப் பாதை எழுதித் திறக்காமல் கிளாஸ்லோடர் வழியாக எடுங்கள். ‘சோர்ஸ்/டெஸ்ட்/ரிசோர்ஸஸ்’ என்று தொடங்கும் பாதை ஐடியாவில் ஓடும், வேறு ஃபோல்டரிலிருந்து மேவன் கட்டளை கொடுத்தால் கோப்பு கிடைக்காது. பாஸ்வேர்டை இந்தக் கோப்பில் வைக்கவேண்டாம், சூழல் மாறியிலிருந்து வாசியுங்கள்.

தளம் தமிழில் ‘இருக்கைகள் நிரம்பிவிட்டன’ என்று காட்டும், அதே வசனத்தை ப்ரொப்பர்ட்டீஸ் கோப்பில் எழுதி ஒப்பிடுவீர்கள். டெஸ்ட் விழும், ஓட்டப் பதிவில் (லொக்) புரியாத எழுத்துக் கூட்டம் வரும். ஜாவாவின் ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ கிளாஸ் ‘இன்புட்ஸ்ட்ரீம்’ கொடுத்தால் லத்தீன்-1 என்று நினைத்தே வாசிக்கும். யூடிஎஃப்-8 என்று சொன்ன ‘ரீடர்’ ஒன்றைக் கொடுங்கள். பொம் கோப்பிலும் சோர்ஸ் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். விண்டோஸில் ஜாவா 18 க்கு முன் அது தானாக வராது.

இதற்குப் பிறகும் ‘கொழும்பு’ சமனாகாமல் நிற்கலாம், திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும். ‘கொ’ வின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் பதியலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் பதியலாம். கீபோர்டைப் பொறுத்து மாறும். கண்ணுக்குத் தெரியாது, நீளத்தை எண்ணினால்தான் தெரியும். ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் ஜாவாவின் ‘நோர்மலைசர்’ மூலம் என்எஃப்சிக்கு (ஒரே எழுத்தாகச் சேர்த்த வடிவம்) கொண்டுவரும் ஒரு மெத்தட்டை எழுதி, தமிழ் ஒப்பீடு எல்லாம் அதன் வழியாகவே போகட்டும். பொதுக் கிளாஸ் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள ஐந்து வரி அது.

9. பழைய புரொஜெக்டை நகர்த்தும்போது

கையால் கோப்பை இழுத்துப் போடாதீர்கள். ஐடியாவில் எஃப்6 அழுத்தினால் ‘மூவ்’ வரும், இம்போர்ட்டுகளைத் தானே திருத்தும். ஒரு கொமிட்டுக்கு ஒரு பெக்கேஜ் மட்டும் நகர்த்துங்கள், அந்தக் கொமிட்டில் வேறு திருத்தம் சேர்க்காதீர்கள். ரிவ்யூ செய்பவர் நன்றி சொல்வார்.

டெஸ்ட்என்ஜி எக்ஸ்எம்எல்லில் கிளாஸின் முழுப்பெயர் எழுதியிருக்கும். நகர்த்தியபின் அது பழைய பெயரிலேயே நின்றால் ‘கேனொட் ஃபைன்ட் கிளாஸ் இன் கிளாஸ்பாத்’ என்று வரும். இது நல்ல பிழை, சத்தம் போடுகிறது. கிளாஸுக்குப் பதில் பெக்கேஜ் பெயர் எழுதியிருந்து அது தவறினால் சத்தமே இல்லாமல் 0 டெஸ்ட் ஓடிப் பச்சையாக முடியலாம். நகர்த்துமுன் மொத்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, பின்னால் ஒப்பிடுங்கள். மேவனை ‘க்ளீன்’ உடன் ஓட்டுங்கள், இல்லையென்றால் டார்கெட் ஃபோல்டரில் கிடக்கும் பழைய கிளாஸும் சேர்ந்து ஓடக்கூடும்.

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ‘பேஜஸ்’ ஃபோல்டரின் முதல் எழுத்துப் பேரெழுத்தாக இருந்ததைச் சிற்றெழுத்தாக்கினால் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், கிட்டும் மாற்றத்தைக் கவனிக்காது. உங்கள் மெஷினில் எல்லாம் ஓடும், லினக்ஸ் சீஐயில் ‘பெக்கேஜ் டஸ் நொட் எக்ஸிஸ்ட்’. ‘கிட் மூவ்’ ஐ இரண்டு தடவையாகச் செய்யுங்கள்: முதலில் ‘பேஜஸ்2’ என்று, பிறகு சரியான பெயருக்கு.

10. இரண்டாவது புரொஜெக்டும் அதே கிளாஸைக் கேட்டால்

மொபைல் ஏபிஐக்கு (மொபைல் செயலி சேர்வரோடு பேசும் வழி) தனி டெஸ்ட் புரொஜெக்ட் தொடங்குகிறீர்கள், டேட்டா பெக்கேஜ் அங்கும் வேண்டும். கொப்பி பண்ணாதீர்கள். மலிவான வழி, ஒரே கிட் களஞ்சியத்துக்குள் (ரெப்போசிட்டரி) மேவன் மொடியூல்களாகப் பிரிப்பது: பொது மொடியூல் ஒன்று, வெப் டெஸ்ட் ஒன்று, ஏபிஐ டெஸ்ட் ஒன்று. பொது மொடியூலில் மட்டும் கோடை மெயினுக்குள் வையுங்கள். டெஸ்டுக்குள் வைத்தால் ‘டெஸ்ட்-ஜார்’ என்று தனியாகக் கட்டவேண்டும், அதன் டெஸ்ட் ஸ்கோப் லைப்ரரிகளும் கூட வராது. மேலே திசையைப் பேணியிருந்தால் இந்தப் பிரிப்பு அரை நாள் வேலை. பேணாவிட்டால் மேவன் ‘சைக்ளிக் ரெஃபரன்ஸ்’ என்று நிறுத்திவிடும், பெக்கேஜ்களுக்கிடையே ஜாவா காட்டும் தாராளத்தை மொடியூல்களுக்கிடையே மேவன் காட்டாது. ஒரு மொடியூலை மட்டும் ஓட்டும்போது மொடியூலைத் தெரிவு செய்யும் ‘-பிஎல்’ உடன் ‘-ஏஎம்’ உம் கொடுங்கள், அதற்குத் தேவையான பொது மொடியூலையும் சேர்த்துக் கட்டும்.

களஞ்சியங்களே வேறு என்றால் கிட்ஹப் பெக்கேஜஸ் பாவிக்கலாம். இலவசத் திட்டத்தில் தனியார் பெக்கேஜுக்கு 500 எம்பி, இந்த அளவு ஜாருக்கு அது போதும். பொதுவாகத் திறந்த பெக்கேஜை இறக்கக்கூட டோக்கன் கேட்கும், அது புதியவர்களுக்கு அதிர்ச்சி. செட்டிங்ஸ் கோப்பில் உள்ள சேர்வர் ஐடியும் பொம்மில் உள்ள ரெப்போசிட்டரி ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையென்றால் 401 (அனுமதி இல்லை) பிழை. அதே வேர்ஷன் இலக்கத்தை இரண்டாம் முறை ஏற்றினால் 409 (முரண்பாடு) பிழை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இலக்கத்தைக் கூட்டுங்கள்.

11. சீஐயில் ஓட்டும் செலவும் நேரமும்

கிட்ஹப்பின் சீஐ சேவையான அக்ஷன்ஸில் பொதுக் களஞ்சியத்துக்குச் சாதாரண ரன்னர் (டெஸ்டை ஓட்டும் மெஷின்) இலவசம். தனியார் களஞ்சியத்துக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடம். ஒவ்வொரு ஜொப்பும் முழு நிமிடத்துக்குக் கூட்டியே கணக்கில் வரும், அதனால் 20 விநாடி ஓடும் ஜொப்புகளைப் பத்தாகப் பிரித்தால் பத்து நிமிடம் போகும். ‘செட்அப் ஜாவா’ படியில் மேவன் கெஷை இயக்கிவிட்டால் லைப்ரரி இறக்கும் நேரம் மிச்சம்.

தினமும் காலை 7 மணிக்கு ஓடவேண்டுமென்றால் க்ரொன் வரியில் (ஓட்ட நேர அட்டவணை) 1.30 என்று எழுதுங்கள், அங்கே கணக்கு யூடிசியில். நெரிசலான நேரத்தில் பிந்தியும் தொடங்கும், ஆகவே 7.30 ஸ்டாண்ட்அப்புக்கு ரிப்போர்ட் வேண்டுமானால் அரை மணி முன்னால் தள்ளி வையுங்கள். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் இந்த அட்டவணையை நிறுத்திவிடும். அக்ஷன்ஸ் பக்கத்தில் போய்த் திரும்ப இயக்கவேண்டும்.